போன்ல காட்டின பூனை

நீ இப்ப போன்ல பேசினது உங்கம்மாகிட்டதானே? ஒட்டுக் கேக்கலம்மா. ரயில்ல பக்கத்து சீட்டுல தமிழ் கேட்டா காது தானா அந்தப் பக்கம் போயிடுது, நான் என்ன பண்ண? "கையில குக்கர் ஆவி பட்டுடுச்சும்மா, கொப்புளம் வந்திருக்கு"ன்னு சொன்ன பாரு, அது தப்பு. நீ இங்க ஒரு களிம்பைத் தடவிக்கிட்டு மறந்துடுவ. அவங்க அங்க ராத்திரி பூரா முழிச்சிருப்பாங்க. வெளிநாட்டுக்கு வந்துட்டா போன்ல பேச ஒரு முறை இருக்கு. சாப்பிட்டேன், தூங்கினேன், குளிர் பரவால்ல. அவ்வளவுதான். வச்சிடணும்.

என் பேரு மங்கையர்க்கரசி. உறையூர். இந்த மெல்போர்னுக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகுது. நீ வந்து? மூணு மாசமா? அதான் பாத்தாலே தெரியுதே, ரயிலுக்குள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கியே. இங்க உள்ள ஒண்ணு, மேல காத்து புகாத மாதிரி ஒண்ணு போடணும். சரி, அது கிடக்கட்டும். யாருக்கும் வலியப் போய் புத்தி சொல்ற பழக்கம் எனக்குக் கிடையாது. கேட்டா சொல்லுவேன். கேக்கத் தெரியாதவங்களா இருந்தா, நானே கேட்டு நானே சொல்லிடுவேன். அதுக்கே இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச பேரு இருக்கே... தாரணி கதையைச் சொன்னா உனக்கே புரியும். நீ கடைசி ஸ்டேஷன்தானே? நேரம் இருக்கு.

தாரணி எங்களோட ஒரே சுவரு ஒட்டின பக்கத்து யூனிட்டுக்கு வாடகைக்கு வந்த பொண்ணு. நாமக்கல்காரி. பல் ஆஸ்பத்திரியில வேலை. முப்பத்தோரு வயசு, கல்யாணம் ஆகல. ஏன் ஆகலன்னு நான் கேக்கவே இல்ல. ரெண்டு மூணு ஜாதகம் மட்டும் கொண்டு போய்க் குடுத்தேன். முதல் நாள் ஆன்ட்டின்னு கூப்பிட்டா. அக்கான்னே கூப்பிடும்மான்னு சொன்னேன். சரிங்க்கான்னா. அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க பேச்சே ஒரு மரியாதைதான்.

அவகிட்ட ஒரு பூனை இருந்துச்சு. சாம்பக் கலரு. பேரு மிளகு. அது ஒரு பாவப்பட்ட ஜென்மம், வீட்டை விட்டு வெளியவே வராது. இங்க பூனையை வெளிய விடக்கூடாதுன்னு எங்க கவுன்சில்ல சட்டமாம். பூனைக்கு எதுக்கும்மா சட்டம்? அது ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்னையே பாக்கும். எனக்கு மனசு கேக்காது.

அப்புறம் ஒரு கறிவேப்பிலைச் செடி. தொட்டியில வச்சு, வெயிலுக்கு வெளிய தூக்கி, குளிருக்கு உள்ள தூக்கி, குழந்தை மாதிரி வளத்து வச்சிருந்தா. என் இடுப்பு உயரம். மொத்தத் தெருவுக்கும் அதுல இருந்துதான் ரசத்துக்குக் கறிவேப்பிலை. கேட்டா நாலு ஆர்க்கு உடைச்சுக் குடுப்பா. கேக்காம உடைச்சா மூஞ்சி ஒரு மாதிரி போகும். நான் கேக்காமத்தான் உடைப்பேன். அக்கான்னு ஆனப்புறம் என்ன கேள்வி?

வந்த புதுசுல அவ தினம் சாயங்காலம் அவங்கம்மாகிட்ட வீடியோவுல பேசுவா. அடுப்பு மேடையில போனைச் சாத்தி வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து சமைக்கற மாதிரி இருக்கும். சுவத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேக்கும். வெங்காயம் வதங்கிடுச்சா, உப்பு போட்டியா, முட்டி வலிக்குது, மழை பெய்யுது. நான்தான் சொன்னேன், இப்படி தினம் பேசினா நீயும் இங்க ஒட்ட மாட்ட, அவங்களும் அங்க உன்னை விட மாட்டாங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் பேசு, நல்லதை மட்டும் சொல்லு, அவங்களையும் நல்லதை மட்டும் சொல்லச் சொல்லு. கொஞ்ச நாள் முனகினா. அப்புறம் கேட்டுக்கிட்டா. சாயங்காலத்துல வீடு அமைதியாயிடுச்சு. ஒரு வருஷத்துல பாரு, அந்தப் பொண்ணு நடையே மாறிப்போச்சு. வேலைக்குப் போவா, வருவா, பூனையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நிம்மதி.

இப்படி இருக்கறப்ப, போன குளிர் சீசன்ல ஒரு நாள் வந்து கதவைத் தட்டினா. "அக்கா, அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன். சின்னதுதான்னு சொல்றாங்க. நான் கிளம்பறேன். மிளகையும் செடியையும் நீங்க கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"ன்னா. என்ன ஆபரேஷன்னு கேட்டேன். கர்ப்பப்பையிலன்னா. ஒரு வருஷமா வலி இருந்திருக்கு. ஞாயித்துக்கிழமை பேசற அஞ்சு நிமிஷத்துல அதை எதுக்குச் சொல்லணும்னு அந்தம்மா சொல்லாமலே இருந்திருக்காங்க. பாத்தியா, அவங்க என்னை நேர்ல பாத்தது கூடக் கிடையாது, ஆனா போன்ல எதைப் பேசணும், எதை விடணும்னு எவ்வளவு நல்லாப் புரிஞ்சு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். தாரணிகிட்டயும் சொன்னேன். அவ சாவியைக் குடுத்தா. மிளகை வெளிய விட்டுடாதீங்க, செடிக்கு வாரம் ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணி போதும், குளிர்ல இலை உதிரும், அது சகஜம், எதுவும் பண்ணிடாதீங்கன்னா. தினம் சாயங்காலம் கூப்பிடறேன், மிளகைக் காட்டுங்கன்னா. காட்டறேன் போன்னு அனுப்பி வச்சேன்.

எதுவும் பண்ணாம இருக்க முடியுமா? நீயே சொல்லு. ஒருத்தர் நம்மள நம்பி ஒரு செடியைக் குடுத்துட்டுப் போறாங்க, அது கண்ணு முன்னாடி இலை இலையா உதிருது. உறையூர்ல எங்க வீட்டுக் கொல்லையில கறிவேப்பிலை மரமே நின்னுச்சு. புளிச்ச மோர் ஊத்துவோம், தழைஞ்சு அடங்காது. இங்கயும் தினம் ஊத்தினேன். வீடு பூரா ஒரு வாடை. தொட்டியைச் சுத்தி குட்டிக் குட்டியா பூச்சி பறந்துச்சு. சரி, காத்தோட்டம் இல்லாம மூச்சு முட்டுது போலன்னு தூக்கிக் கொண்டு போய்ப் பின்வாசல்ல வச்சேன். மறுநாள் காலையில புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி. செடி கறுத்துப்போய் நிக்குது. இந்த ஊர் மண்ணு நம்ம செடிக்கு ஒத்துக்காதும்மா, அவ்வளவுதான் விஷயம்.

செடியைத் தூக்கி வைக்கக் கதவைத் திறந்தேன்ல, அப்ப மிளகும் காலுக்கு இடையில வந்து நின்னுச்சு. வாசப்படியில நின்னு மூக்கை நீட்டி மோந்து மோந்து பாத்துச்சு. அதுக்கும் ஒரு ஆசை இருக்கும்ல? போய்ட்டு வாடின்னு சொன்னேன். ஒரே தாவு, வேலி மேல. இன்னொரு தாவு, ஆளே காணோம்.

தேடாம இருப்பேனா? கிண்ணத்துல பாலை ஊத்திக்கிட்டு மிளகு, மிளகுன்னு தெரு பூரா கூப்பிட்டேன். இவரு வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏன்டி, கடையில மளிகைச் சாமான் கேக்கற மாதிரி கூவிக்கிட்டுப் போற"ங்கறாரு. என் வீட்டுக்காரரு பேசறதே அப்படித்தான், நான் காதுல போட்டுக்கறதில்ல. சாயங்காலம் ஆயிடுச்சு. போன் அடிக்குது. தாரணி.

அப்பதான் பாக்கறேன், எதிர்வீட்டு மதில் மேல அதே சாம்பக் கலர்ல ஒரு பூனை. எதிர்வீட்டுல எலெனின்னு ஒரு வயசான கிரேக்க அம்மா, தனியா இருக்காங்க. புருஷன் போனதுல இருந்து கறுப்பு உடுப்புதான். இங்கிலீஷ் எனக்குத் தெரிஞ்சதுல பாதிதான் அவங்களுக்குத் தெரியும். அவங்க பூனை அது. பேரு அலேக்கோஸ். ஆண் பூனை, ரெண்டு மிளகு சேந்த பருமன். ஓடிப் போய் லபக்குன்னு தூக்கிட்டு வந்து, முந்தானையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, வெளிச்சம் குறைச்சலா ஒரு மூலையில உக்காந்து போனை எடுத்தேன்.

"அக்கா, மிளகு எங்க?"

"இதோ பாரு, என் மடியை விட்டு இறங்கவே மாட்டேங்குது."

"குண்டாயிட்ட மாதிரி இருக்கே?"

"என் கை ராசி அப்படிம்மா."

போனைக் கண்ணுகிட்ட கொண்டு போய் உத்துப் பாத்தா. அப்புறம் லேசா சிரிச்சா. "ஆமாங்க்கா. நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க"ன்னா.

பாவம், நம்பிட்டா. அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா பூனை கையில நிக்கணுமே? வச்சிட்டேன். நல்லாத்தான் இருப்பாங்க, இல்லன்னா பூனையைப் பாக்கவா கூப்பிடுவா?

அதுல இருந்து அது எனக்கு தினசரி வேலையாப் போச்சு. சாயங்காலம் ஆனா எலெனி வீட்டுக்குப் போகணும், சைகையில கெஞ்சணும், அந்தத் தடியனைத் தூக்கிட்டு வரணும். சும்மா கேட்டா நல்லாருக்காதுன்னு ஒரு பாக்கெட் முறுக்கு குடுப்பேன். செடியையும் ஒரு நாள் காட்டச் சொன்னா. இந்தியன் கடையில கறிவேப்பிலை வாங்கிட்டு வந்து காஞ்ச குச்சியில நூல் போட்டுக் கட்டி, தூரத்துல இருந்து காட்டினேன். தழைஞ்சிருக்கு பாருன்னேன். எவ்வளவு மெனக்கெட்டிருக்கேன் பாரு. அவ மனசு நோகக் கூடாதுங்கறதுக்காகத்தானே?

நடுவுல இந்த எலெனி வேற. ஒரு நாள் அவங்களே வந்து கதவைத் தட்டி, என் கையைப் பிடிச்சு இழுத்து, ரெண்டு விரலைக் காட்டி, "கேட், டூ! டூ!"ங்கறாங்க. பூனையை இரவல் குடுக்கறதுக்கு இனிமே ரெண்டு பாக்கெட் முறுக்கு வேணுமாம். ஆசையைப் பாரேன். சரி, வயசானவங்கன்னு ரெண்டா குடுத்தேன். வாங்கிக்கிட்டு, தலையில அடிச்சுக்கிட்டுப் போனாங்க. மறுநாளும் வந்தாங்க, அதே டூ. மறுபடியும் ரெண்டு.

இன்னொரு நாள் தாரணி போனைத் திருப்பி, கட்டில்ல படுத்திருந்த அவங்கம்மாவைக் காட்டினா. மெலிஞ்சுதான் இருந்தாங்க. ஆபரேஷன்னா மெலியத்தான் செய்வாங்க. வணக்கம்மா, சீக்கிரம் சரியாயிடும், நீங்க கவலையே படாதீங்கன்னேன். நான் கையைத் தூக்கி வணக்கம் வச்சேனா, பிடி விட்டுப் போச்சு. அலேக்கோஸ் என் தலை மேல ஏறி, கொண்டையைப் பிராண்டி, அலமாரியில இருந்த சாமி படத்தைத் தட்டி விட்டு, திரைச்சீலையைப் பிடிச்சுத் தொங்குது. நான் கத்தறேன், இவரு செருப்பைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாரு. அந்தப் பக்கம் அந்தம்மா சிரிக்கறாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, வேண்டாம்டி, தையல் வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே சிரிக்கறாங்க. தாரணியும் சிரிக்கறா. எனக்கு மானமே போச்சு. ஆனாலும் ஒரு நிம்மதி, ஆளு தேறிட்டாங்கன்னு.

அதுக்கு அடுத்த வாரம் ஒரு நாள், வழக்கமான நேரத்துக்கு முன்னாடியே போன். நான் அப்பதான் எலெனி வீட்டுல இருந்து பூனையைத் தூக்கிட்டு உள்ள நுழையறேன். எடுத்துட்டேன். தாரணி மூஞ்சி மட்டும் தெரியுது. தலை கலைஞ்சு கிடக்கு. பின்னாடி ஒரே கூட்டமா சத்தம்.

"இதோ மிளகு"ன்னு தூக்கிக் காட்டினேன்.

அவ பூனையைப் பாக்கல. என்னையே பாத்தா. "அக்கா"ன்னா. அப்புறம் அழ ஆரம்பிச்சுட்டா. சத்தமே வராம, தோள் மட்டும் குலுங்குது. "அக்கா... அக்கா..."ங்கறா, அதுக்கு மேல வார்த்தை வரல.

கண்டுபிடிச்சுட்டான்னு நினைச்சேன். இது மிளகு இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, அதான் அழறான்னு. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்ப? "தாரணி, உன் குரலு விட்டு விட்டுக் கேக்குதும்மா, நெட்வொர்க் சரியில்ல"ன்னு சொல்லி வச்சிட்டேன். மறுபடியும் அடிச்சுது. மறுபடியும். அணைச்சே வச்சிட்டேன். மூணு நாள் கழிச்சுத்தான் போட்டேன். போன் தண்ணியில விழுந்துடுச்சுன்னு ஒரு மெசேஜ் அனுப்பினேன். ஓக்கேக்கான்னு ஒத்தை வார்த்தை வந்துச்சு. அதோட பூனையைக் காட்டுங்கன்னு அவளும் கூப்பிடல. அப்பாடான்னு இருந்துச்சு.

பதினைஞ்சு நாள் கழிச்சு வந்து இறங்கினா. வாசல்ல டாக்ஸி நிக்கற சத்தம் கேட்டதும் போய்க் கதவுகிட்ட நின்னுக்கிட்டேன். என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன். கதவைத் திறந்ததும் நானே ஆரம்பிச்சேன். "தாரணி, செடிக்கு இந்த வருஷம் பனி ஒத்துக்கலம்மா. மிளகு இன்னிக்குக் காலையிலதான், கதவு லேசாத் திறந்திருந்துச்சு..."

"மிளகு எலெனி வீட்டுல இருக்குக்கா"ன்னா. ரொம்பச் சாதாரணமாச் சொன்னா. "காணாமப் போன ரெண்டாவது நாளே அவங்க வீட்டுக் கார் ஷெட்டுல போய் ஒண்டிக்கிச்சாம். அவங்க மகளோட நம்பர் எங்கிட்ட இருக்கு. அன்னைக்கே போட்டோ அனுப்பிட்டாங்க. இப்ப எங்க வீட்டுல ரெண்டு பூனை இருக்குன்னு உங்ககிட்ட சொல்லலாம்னு எலெனி அம்மா வந்தாங்களாம். நீங்க ரெண்டு தடவை முறுக்கு குடுத்தீங்களாம்."

"அப்ப நான் தினம் காட்டினது..."

"முதல் நாளே தெரியும்க்கா. என் பூனை எனக்குத் தெரியாதா?"

எனக்குக் கோவம் வந்துச்சு. வராதா? தெரிஞ்சுக்கிட்டே என்னை தினம் அந்தத் தடியனோட மல்லுக்கட்ட விட்டிருக்கா. கையெல்லாம் பிராண்டல், இப்பவும் தழும்பு இருக்கு பாரு, இதோ. "தெரிஞ்சப்புறம் எதுக்குடி தினம் கூப்பிட்ட?"ன்னு கேட்டுட்டேன்.

அவ கீழ உக்காந்து பெட்டிப் பூட்டைத் திறந்துக்கிட்டே பேசினா. என்னைப் பாக்கல. "ஆஸ்பத்திரியில எல்லாரும் எங்கிட்ட எதையாவது கேட்டுக்கிட்டே இருந்தாங்க. டாக்டர் ஒண்ணு கேப்பாரு, அண்ணன் ஒண்ணு கேப்பான். நீங்க ஒருத்தர்தான் எதுவும் கேக்காம பூனையைப் பத்தியே பேசினீங்க. அம்மாகிட்ட சொன்னேன், இந்தக்கா வேற பூனையைக் காட்டி ஏமாத்தறாங்கன்னு. அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. இன்னைக்கு என்ன பண்றாங்கன்னு பாப்போம், போடு போடுன்னு அவங்கதான் கேப்பாங்க. ஆஸ்பத்திரியில அம்மா சிரிச்சது அதுக்கு மட்டும்தான்."

"இப்ப எப்படி இருக்காங்க?"ன்னேன்.

நிமிந்து பாத்தா. "போய்ட்டாங்கக்கா. நான் உங்களைக் கூப்பிட்டு அழுதேன்ல, அன்னைக்குத்தான்."

எனக்கு அழுகை வந்துடுச்சும்மா. பொய் சொல்லல. எவ்வளவு நல்ல பொம்பளை, ஒரு தடவை பாத்ததுதான்னாலும். அவ தோளைத் தொட்டு, "எனக்கு எப்படிம்மா தெரியும்? பூனை விஷயம்தான்னு நினைச்சு பயந்துட்டேன். பூனைக்காக அழறன்னு நினைச்சுட்டேன்"ன்னேன்.

"அன்னைக்கு நான் பூனையைப் பாக்கக் கூப்பிடலக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சத்தம் போடல, சண்டை போடல. சாவியை வாங்கிக்கிட்டா. நன்றிங்க்கான்னு கூடச் சொன்னா. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

இது நடந்து பத்து மாசம் ஆகுது. வழியில பாத்தா சிரிக்கறா. நல்லாருக்கீங்களான்னு கேக்கறா. அதுக்கு மேல ஒரு வார்த்தை கிடையாது. சாயங்காலமானா எலெனி வீட்டுக்குப் போயிடறா. அந்தம்மாவுக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் அரைகுறை, ரெண்டு பேரும் அப்படி என்னத்தைப் பேசுவாங்கன்னு எனக்குப் புரியல. ஜன்னல் வழியாப் பாத்தேன், தற்செயலாத்தான். பேசவே இல்ல. அந்தம்மா பீன்ஸ் உரிக்கறாங்க, இவ பக்கத்துல உக்காந்திருக்கா. அவ்வளவுதான். ஆறுதல் சொல்லத் தெரிஞ்ச நான் இந்தப் பக்கம் இருக்கேன்.

நான் என்ன குறை வச்சேன் சொல்லு? பூனை பத்திரமா இருக்கு. புதுசா ஒரு கறிவேப்பிலைச் செடி வாங்கிட்டுப் போய் வாசல்ல வச்சேன், மோர் ஊத்துன்னு கூடச் சொல்லல. இங்க தமிழ்ச் சங்கத்துல அஞ்சலிக் கூட்டம் மாதிரி வைக்கலாமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டா. இத்தனை வருஷம் இந்த ஊர்ல இருந்து, எத்தனை பேருக்கு என்னென்னவோ செஞ்சிருக்கேன். கடைசியில இவகிட்ட எனக்கு இந்தப் பேரு.

அவ சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னமும் விளங்கல. ராத்திரி படுத்தா அதுதான் சுத்திச் சுத்தி வருது. இவருகிட்ட கேட்டா, திரும்பிப் படுத்துக்கறாரு. நீ படிச்ச பொண்ணு மாதிரி இருக்க, உன்னையே கேக்கறேன். அம்மா செத்துக் கிடக்காங்க, வீடு நிறைய சொந்தக்காரங்க நிக்கறாங்க, அண்ணன் இருக்கான், ஊரே கூடியிருக்கு. பூனையைப் பாக்க இல்லன்னா, அந்த நேரத்துல எதுக்கும்மா அவ எனக்குக் கூப்பிட்டா? நான் அவளுக்கு யாரு?